ஆபிரகாம் லிங்கனுக்கே கிடைக்காத அவருடைய மூதாதை: உயிலும் பத்திரமும் வைத்து ஒரு தேடல்

வணக்கம் மக்களே. மேசை முழுக்கக் காகிதமாகக் கிடக்கிறது, கண்டுகொள்ளாதீர்கள். இன்றைக்கு இந்தக் காகிதங்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

போன வீடியோவில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்காக அவருடைய பாட்டனாரின் பாட்டனாரைத் தேடிப் போன கதையைச் சொன்னேன். ஒரே கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஒரே பெயரில் மூன்று பேர். அதில் யார் நம்ம ஆள் என்று தெரியாமல் விழித்துக்கொண்டு திரும்பி வந்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அந்த விடைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று ஒரு தடவை நடந்து பார்த்தால் என்ன? அப்படி எடுத்ததுதான் லிங்கன் குடும்பம். ஆமாம், ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன்தான்.

ஏன் அவர்? அவருக்கே தன் வம்சம் தெரியாது. தாத்தாவோடு நின்றுவிட்டது. இத்தனைக்கும் மனிதர் வக்கீல். நில வழக்கெல்லாம் பார்த்தவர். 1848-ல் மாசசூசெட்ஸின் ஹிங்கம் ஊரிலிருந்து சாலமன் லிங்கன் என்பவர், நாம் இரண்டு பேரும் ஒரே குடும்பமா என்று விசாரிக்கிறார். அதற்கு இவர் எழுதிய பதில் மனதைத் தொடுகிறது: என் அப்பா ஆறு வயதில் தகப்பனை இழந்தவர், ஏழ்மை, புது இடம், படிப்பே இல்லாமல் வளர்ந்தார், அதனால்தானோ என்னவோ குடும்பக் கதை எனக்கு இவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்கிறார். 1859-ல் தன்னைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதிக் கொடுக்கும்போதும் இதே நிலைமைதான். பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியிலிருந்து வர்ஜீனியாவுக்கு வந்தவர்கள் என்கிறார். மாசசூசெட்ஸ் பக்கத்து லிங்கன்களோடு ஒட்டிப் பார்த்தார்களாம். ஏனோக், லேவி, மொர்தெகாய், சாலமன், ஆபிரகாம் என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பெயர் வைக்கிறார்கள் என்பதற்கு மேல் எதுவும் தேறவில்லையாம்.

பைபிள் பெயர்களை வைத்துக்கொண்டு 1600, 1700களில் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. ஊருக்கு நாலு ஆபிரகாம் இருப்பார்கள். அதனால் பெயரை விட்டுவிட்டு நிலத்தைப் பிடிக்க வேண்டும். ஆள் ஊர் மாறுவார், பெயரின் எழுத்து மாறும், நிலம் நகராது. அதை விற்க வேண்டுமென்றால் அது எப்படி என் கைக்கு வந்தது என்று எழுதியாக வேண்டும்.

என் அப்பா பத்திர எழுத்தர். "மேற்படி சொத்து என் தகப்பனார் எழுதி வைத்த உயில் மூலம் எனக்குப் பாத்தியப்பட்டு என் அனுபவத்தில் இருந்து வருவதால்" என்கிற வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான். அமெரிக்காவில் 1748-ல் எழுதிய பத்திரத்திலும் அதே சங்கதியைப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பத்திரத்துக்குக் கடைசியில் வருகிறேன். இந்த வேலையைப் பின்னாலிருந்துதான் செய்ய வேண்டும். தெரிந்த ஆளில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏற வேண்டும். மேலே ஒரு பெரிய மனிதரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் எந்தக் குடும்பத்தையும் அவரோடு கோத்துவிடலாம்.

சரி, முதல் காகிதம். இது கென்டக்கி. லிங்கனின் தாத்தா பெயரும் ஆபிரகாம்தான். 1780 மார்ச்சில் 160 பவுண்டு கட்டி 400 ஏக்கருக்கு ஒரு வாரண்ட் வாங்குகிறார். நூறு ஏக்கர் 40 பவுண்டு, அதுதான் அரசாங்க விலை. இந்த வாரண்ட்டுக்கும் நம்ம ஊர்ப் பட்டாவுக்கும் சம்பந்தம் கிடையாது. எங்கேயாவது காலியாக இருக்கும் 400 ஏக்கரை நீயே போய்ப் பார்த்துக்கொள் என்கிற அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான். இடத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும், அளக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பேட்டன்ட், அதாவது நிலம் உனக்கே என்று அரசாங்கம் தரும் பத்திரம். அங்கே வேட்டையாடி வந்த ஷானீ மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் காகிதங்களில் அது இருக்காது.

இதோ அந்த சர்வே, 1785 மே 7. லாங் ரன் என்கிற ஓடைக்கரை, ஜெஃபர்சன் கவுண்டி. பெயரைப் பாருங்கள், 'ஆபிரகாம் லிங்க்ஹார்ன்' என்று எழுதியிருக்கிறது! காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார்கள். லிங்கன் என்று மட்டும் தேடினால் இது கண்ணில் படாது. பழைய பதிவுகளில் எதைத் தேடினாலும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, இது எப்படியெல்லாம் ஒலிக்கும் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்.

நான்கெல்லை எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? எல்லாம் மரம். ஓடைக்கரையில் அடையாளம் வெட்டிய ஒரு சர்க்கரை மேப்பிள் மரத்தில் தொடங்கி, கிழக்கே 300 'போல்' (அந்தக் காலத்து நீள அளவு), வடக்கே 213⅓ போல், மேற்கே 300 போல், தெற்கே 213⅓ போல், தொடங்கிய இடம். மூலைக்கு மூலை ஒரு பாப்லர், ஒரு பீச், ஒரு வெள்ளை ஓக். ஒரு போல் என்பது பதினாறரை அடி. 160 சதுரப் போல் ஒரு ஏக்கர். நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன்: 300 தடவை 213⅓ என்றால் 64,000. அதை 160-ஆல் வகுத்தால் சரியாக 400! இருநூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் காட்டுக்குள் அளவுச் சங்கிலி இழுத்தவர்களின் கணக்கு என் சமையலறை மேசையில் சரியாக வருகிறது. இப்படி எல்லாப் பத்திரத்தையும் போட்டுப் பாருங்கள். கணக்கு வரவில்லை என்றால் எழுத்தர் ஒரு வரியை விட்டிருப்பார், இல்லை நீங்கள் எண்ணைத் தப்பாகப் படித்திருப்பீர்கள்.

பலரும் சர்வேயில் ஏக்கரைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். கீழே பாருங்கள். சங்கிலி பிடித்தவர்கள் பெயர், அடையாளம் காட்டியவர் பெயர் எல்லாம் இருக்கும். பெரும்பாலும் சொந்தக்காரர்கள் அல்லது அண்டை வீட்டார்தான். இந்தச் சர்வேயில் சங்கிலி பிடித்தவர்களும் லிங்க்ஹார்ன்கள்தான், அடையாளம் காட்டியவர் அதே ஆபிரகாம். அதாவது அன்றைக்கு ஆள் உயிரோடு அங்கே நின்றிருக்கிறார். பேரன் என்ன எழுதினார்? தாத்தா சுமார் 1782-ல் கென்டக்கி வந்தார், இரண்டு வருஷம் கழித்துக் கொல்லப்பட்டார் என்று எழுதினார். அப்படியானால் 1784. ஆனால் மனிதர் 1785 மே மாதம் மரத்தில் அடையாளம் காட்டிக்கொண்டிருக்கிறார். உண்மையில் அவர் இறந்தது 1786.

அந்த வருஷம் ரொம்ப முக்கியம். வயலில் மகன்களோடு வேலை செய்துகொண்டிருந்தபோது பூர்வகுடிகளின் தாக்குதலில் இறந்தார். உயில் எழுதவில்லை. கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. உயில் இல்லாமல் செத்தால் நிலம் முழுக்க மூத்த மகனுக்கு என்பதுதான் அங்கே பழைய சட்டம். அதை ஒழித்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிக்கும் சட்டம் நிறைவேறியிருந்தது, ஆனால் நடைமுறைக்கு வந்தது 1787 ஜனவரி 1. சில மாதம்தான் வித்தியாசம்! மூத்தவர் மொர்தெகாய்க்கு நிலம் எல்லாம் போனது. கடைசிப் பையன் தாமஸ், அதாவது ஜனாதிபதியின் அப்பா, வெறுங்கையோடு கூலி வேலைக்குப் போனார். உயில் கிடைக்கவில்லையே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அந்த வருஷம் அந்த ஊரில் வாரிசுச் சட்டம் என்ன என்று பாருங்கள். நிலம் யார் கைக்குப் போயிருக்கிறது என்பதை வைத்தே மூத்தவர் யார் என்று சொல்லிவிடலாம்.

தாமஸ் பிற்பாடு கென்டக்கியில் மூன்று பண்ணை வாங்கினார். மூன்றிலும் வில்லங்கம். மரத்தையும் ஓடையையும் எல்லையாக வைத்து ஆளாளுக்கு அளந்ததில், கூரையில் ஓடு அடுக்கிய மாதிரி ஒருவர் நிலத்தின்மேல் இன்னொருவர் நிலம். 1816-ல் குடும்பத்தோடு இந்தியானா போய்விட்டார். அங்கே மத்திய அரசாங்கம் கட்டம் கட்டமாக அளந்து விற்ற நிலம், 640 ஏக்கர் ஒரு செக்ஷன், தகராறு குறைவு. அப்பா இடம் மாறியதற்கு அடிமைமுறை ஒரு காரணம், முக்கியக் காரணம் நிலப் பத்திரச் சிக்கல் என்று மகனே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இன்னும் ஒரு படி மேலே, வர்ஜீனியா. லின்வில் கிரீக் என்கிற இடம், இப்போது ராக்கிங்கம் கவுண்டி. இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தக் கவுண்டியே 1778-ல்தான் உண்டானது. அதற்கு முன்னால் அது அகஸ்டா கவுண்டி. ஆள் அதே வீட்டில்தான் இருப்பார், பத்திரங்கள் இருக்கும் கோர்ட்டு மாறிவிடும். கவுண்டி பிரிந்த வருஷத்தைக் குறித்துக்கொள்ளாமல் தேடினால் பாதி வாழ்க்கை காணாமல் போகும். நான் பக்கத்து வீட்டு அம்மாவின் வேலையில் செய்த தப்பு இதுதான், வேறொன்றுமில்லை.

ஜான் லிங்கன் என்பவர் 1768-ல் இங்கே நிலம் வாங்கி, 1773-ல் மனைவி ரெபெக்காவும் சேர்ந்து ஆபிரகாம், ஐசக் என்ற மகன்களுக்கு எழுதிக் கொடுக்கிறார். ஆபிரகாம் கென்டக்கி கிளம்பும்போது தன் பங்கை 1780-ல் விற்கிறார். விலை 5,000 பவுண்டு! பெரிய பணக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அது சுதந்திரப் போர்க் காலத்துக் காகிதப் பணம், மதிப்பு தரைமட்டம்.

இந்த விற்பனையில் மனைவியின் பெயர் கிடைக்கிறது: பாத்ஷேபா. கணவன் நிலத்தில் மனைவிக்கு ஆயுள்வரை மூன்றில் ஒரு பங்கு உரிமை உண்டு. அவள் விட்டுக்கொடுக்காவிட்டால் வாங்கியவனுக்குத் தலைவலி. அதனால் கணவனை விலக்கி வைத்து, தனியாக அவளிடம் சம்மதம் கேட்டு எழுதுவார்கள். ஏட்டில் பெயரே வராத பெண்கள் அந்த ஒரு வரியில் வந்துவிடுகிறார்கள். கறுப்பின அமெரிக்கர்களின் மூதாதைகளோ இன்னொருவர் உயிலில், மாட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவில், வெறும் முதல் பெயராக வருவார்கள். அதைப் போகிற போக்கில் பேச முடியாது, தனி வீடியோ போடுகிறேன்.

சரி, இந்த ஜான் யார் மகன்? கதையின் முடிச்சு இதுதான். பென்சில்வேனியாவின் அமிட்டியில் மொர்தெகாய் லிங்கன் என்பவர் (கென்டக்கி மொர்தெகாய் இல்லை, இவர் வேறு) 1736-ல் இறந்தார். உயில் இருக்கிறது. தேதி 22 பிப்ரவரி 1735/6. இரண்டு வருஷம் போட்டிருக்கிறதே என்று குழம்பாதீர்கள், 1752 வரை ஆங்கிலேயருக்கு மார்ச் 25-ல்தான் புத்தாண்டு, அதனால் அந்த பிப்ரவரி அவர்கள் கணக்கில் 1735, நம் கணக்கில் 1736. அமிட்டி நிலத்தை இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளுக்கு எழுதுகிறார். மனைவி கர்ப்பமாக இருந்ததால் பிறக்கப்போகும் குழந்தைக்கும் யோசித்து எழுதுகிறார். முதல் தாரத்து மகன் ஜானுக்கு? நியூ ஜெர்சியில் 300 ஏக்கர். அமிட்டியில் ஒரு பிடி மண் இல்லை. அப்பா ஊர் நிலப் பதிவை மட்டும் புரட்டுகிறவருக்கு இப்படி ஒரு மகன் இருந்ததே தெரியாது.

பன்னிரண்டு வருஷம் கழித்து, 1748-ல், அந்த 300 ஏக்கரை ஜான் விற்கிறார். நான் முதலில் சொன்ன பத்திரம் இதுதான். எழுதிக் கொடுப்பவர் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டியில் குடியிருப்பவர், மொர்தெகாயின் மகன். நியூ ஜெர்சி நிலம், பென்சில்வேனியா உயில், ஜான், மூன்றும் ஒரே தாளில் சேர்ந்துவிட்டன. ஜான் அங்கேயிருந்து வர்ஜீனியா போகிறார், மொர்தெகாயிலிருந்து பின்னால் போனால் அவருடைய அப்பா இன்னொரு மொர்தெகாய், 1727-ல் இறந்தவர், மாசசூசெட்ஸின் சிட்டுவேட் ஊர்க்காரர். அவருடைய அப்பா சாமுவேல் லிங்கன், 1637-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி ஹிங்கம் வந்து சேர்ந்தவர். கடிதம் வந்ததே, அதே ஹிங்கம்!

பெயர் ஒற்றுமையைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை என்று லிங்கன் எழுதியபோது, அந்தப் பத்திரம் எழுதி 111 வருஷம் ஆகியிருந்தது. அவர் அப்பா அம்மா கல்யாணப் பதிவும் இப்படித்தான். குடும்பம் வாழ்ந்த ஹார்டின் கவுண்டியிலேயே எல்லாரும் தேடிக்கொண்டிருந்தார்கள். அது 1806-ம் வருஷப் பதிவு, பக்கத்து வாஷிங்டன் கவுண்டியில் இருந்தது. 1878-ல்தான் கிடைத்தது. அவர் இறந்து பதின்மூன்று வருஷம் ஆகிவிட்டது.

கென்டக்கி வாரண்ட், சர்வே எல்லாம் மாநில நில அலுவலகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நான் வியாழக்கிழமை பழைய தாய்க் கவுண்டியின் கோர்ட்டுக்குப் போகிறேன். பக்கத்து வீட்டு அம்மாவும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார், சாண்ட்விச் கட்டிக்கொண்டு வருவாராம். அந்த மூன்று பேரில் ஒருவருடைய மனைவியின் பெயரையாவது பிடித்துவிட வேண்டும். வந்து சொல்கிறேன்.