தரையிறங்கக் காசில்லாத கப்பல்

நடுவர் அவர்களே, வணக்கம்!

"விண்வெளிக் கதையை வாழவைத்தது பெரிய திரையா, சின்னத்திரையா?" சின்னத்திரைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் தொடக்கக் காட்சியைச் சொல்லி அரங்கையே அண்ணாந்து பார்க்க வைத்துவிட்டார். தலைக்கு மேலே ஒரு கப்பல் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. நானும் வாய் பிளந்தவன்தான். ஆனால் கடைசியில், "இந்த மாதிரி எடுக்க டிவிக்காரனிடம் பணம் ஏது?" என்று கேட்டாரே, அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

பணம் இல்லை ஐயா! இல்லாததால்தான் மூளையைச் செலவழித்தான்.

1966-இல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடர் தொடங்கியது. வாராவாரம் ஒரு புதுக் கிரகம். அத்தனை பெரிய கப்பலை ஒவ்வொரு வாரமும் தரையிறக்கிக் காட்டினால், தயாரிப்பாளர் தலையில் துண்டுதான்! சரி, கப்பல் மேலேயே சுற்றட்டும், ஆள் மட்டும் இங்கே மினுமினுவென்று மறைந்து அங்கே முளைக்கட்டும் என்றார்கள். 'டிரான்ஸ்போர்ட்டர்' அப்படிப் பிறந்ததுதான்.

அப்படியே லண்டனுக்கு வாருங்கள். 1963 நவம்பர் 23, பிபிசியில் 'டாக்டர் ஹூ' தொடர். கதைப்படி நாயகன் டாக்டருடைய கால இயந்திரம் போகிற இடத்துக்கு ஏற்ப உருவம் மாற வேண்டும். வாரம் ஒரு உருவம் செய்ய யாரிடம் காசு? "இயந்திரத்தில் கோளாறு, போலீஸ் பெட்டி உருவத்திலேயே சிக்கிக்கொண்டது" என்று எழுதிவிட்டார்கள். போலீஸை அழைக்க அந்த ஊர்த் தெருவில் வைத்திருந்த தொலைபேசிக் கூண்டுதான் அது. நீலப் பெட்டி, வெளியே நான்கு பேர் நிற்க இடமிருக்காது. உள்ளே போனால் மாளிகை!

1966-இல் நாயகன் வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடம்பு முடியவில்லை. நம்மூர் சீரியல் என்றால் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி ஓடும். மறுநாள் மாமியாரே புது மருமகளைக் கண்டுகொள்ள மாட்டார்! அவர்களோ, "இவர் மனிதரே அல்ல, உடம்பைப் புதுப்பித்துக்கொள்ளும் இனம்" என்றார்கள். விழுந்தவர் ஹார்ட்னெல், எழுந்தவர் பேட்ரிக் ட்ரௌட்டன். ஒரு நடிகரின் நோய்க்குச் செய்த சமாளிப்பு, நடுவில் பல வருடம் நின்றுபோன தொடரை 60 ஆண்டு தாண்டியும் கொண்டுவந்திருக்கிறது.

வீடியோ கேமையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் நண்பர். 1978-இன் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆடியிருக்கிறாரா? எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். அது திட்டம் போட்டு வைத்ததல்ல. அத்தனை உருவங்களையும் வரைய அந்தக் காலத்து சிப்புக்குத் திணறல். சுமை குறைந்ததும் ஓடியது. கேமை உருவாக்கிய நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார். ஆக அதுவும் என் கட்சி! பெரிய திரையின் பெயரை நம்பி வந்த கேம் வேண்டுமா? 1982-இன் 'ஈ.டி.' இருக்கிறது. படம் பிரமாண்ட வெற்றி. கிறிஸ்துமஸுக்குள் கடைக்கு வரவேண்டுமென்று கேமை ஐந்தே வாரத்தில் செய்தார்கள். விற்காத கேசட்டுகளை நியூ மெக்சிகோவில் குப்பையோடு புதைத்து, 2014-இல் தோண்டி எடுத்தார்கள். தொல்லியல் துறைக்கு உதவியது, அவ்வளவுதான்.

"உங்கள் ஸ்டார் ட்ரெக் மூன்றே சீசனில் மூடப்பட்டதே?" என்பீர்கள். ஆமாம், 79 எபிசோட், 1969-இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் மறுஒளிபரப்பில் பார்த்துப் பார்த்து அந்தக் கப்பலில் குடியேறிவிட்டது ஜனம். நாசா தன் முதல் விண்வெளி ஓடத்துக்கு (ஷட்டில்) 'கான்ஸ்டிடியூஷன்' என்று பெயர் வைக்கப் பார்த்தபோது, கடிதமாக எழுதிக் குவித்தார்கள். 1976-இல் அது, ஸ்டார் ட்ரெக் கப்பலின் பெயரான 'எண்டர்பிரைஸ்' ஆனது. தொடரின் நடிகர்களே அறிமுக விழாவுக்கு வந்து நின்றார்கள்.

எதிரணியில் முணுமுணுப்பு கேட்கிறது: "அது விண்வெளிக்கே போகவில்லையே!" போகவில்லைதான். சோதனைக்காகக் கட்டியது. உங்கள் ஸ்டார் வார்ஸ் வந்த அதே 1977-இல் விமானத்தின் முதுகில் ஏற்றிக்கொண்டு போய் நடுவானில் விட்டார்கள். அது செய்த வேலை ஒன்றே ஒன்றுதான் நடுவர் அவர்களே. தரையிறங்கிக் காட்டியது!