நான்ஜிங்கில் உட்கார்ந்து தமிழ் எழுதியவர் யார்?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு நேராக விஷயத்துக்குப் போய்விடுகிறேன், சொல்ல நிறைய இருக்கிறது.

1911ஆம் ஆண்டு. இலங்கையின் தெற்கில் காலி நகரம். ஒரு தெருமுனையில், சிறிய மதகுக்கு மூடியாக ஒரு கற்பலகை கிடந்தது. எழுத்துள்ள பக்கம் கீழ்நோக்கி இருந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. டோமலின் என்ற பொறியாளர் கண்ணில் அது பட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால், மேலே இரண்டு டிராகன்கள், ஓரம் முழுக்கப் பூவேலை, நடுவில் மூன்று மொழிகள். வலப்பக்கம் சீனம். இடப்பக்கம் கீழே பாரசீகம். அதற்கு மேலே, தமிழ்.

கல்லில் உள்ள காலக்கணக்கு 1409ஆம் ஆண்டு பிப்ரவரிக்கு வருகிறது. சீனாவில் அப்போது யோங்லே பேரரசரின் ஆட்சி. அவருடைய கடற்படைத் தளபதி ஜெங் ஹே, பெரிய பெரிய கப்பல்களோடு இந்தியப் பெருங்கடல் முழுக்கப் பயணம் செய்தவர். பிறப்பால் இஸ்லாமியர். அவருடைய மூன்றாவது பயணத்தில் இந்தக் கல் இலங்கைக்கு வந்தது.

சரி, கல்லில் என்னதான் எழுதியிருக்கிறது? இங்கேதான் எனக்கு மெய்சிலிர்த்தது. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. பாரசீகப் பகுதி அல்லாவைப் போற்றி, இஸ்லாத்துக்குக் காணிக்கை தருகிறது. தமிழ்ப் பகுதியோ தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்குத் தருகிறது. மூன்றும் ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பு இல்லை. ஒரே அரசர், மூன்று கடவுளர்களுக்கு, அவரவர் மொழியில் தனித்தனியாக விண்ணப்பம் எழுதியிருக்கிறார். காணிக்கைப் பட்டியல் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றே: பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டுத் துணிகள், விளக்குகள், தூபக்கால்கள், வாசனை எண்ணெய். எந்தக் கடவுளுக்கும் கூடுதல் குறைவு இல்லை. 600 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு அரசவை இவ்வளவு கவனமாக யோசித்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கல்லை இலங்கையில் செதுக்கவில்லை. சீனத் தலைநகர் நான்ஜிங்கிலேயே தயார் செய்து, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அப்படியென்றால், 1409இல் நான்ஜிங்கில் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் இருந்திருக்கிறார். வெறும் எழுத்து தெரிந்தவர் இல்லை. தெனவரையில் எந்தத் தெய்வம் இருக்கிறது, அவரை எப்படி மரியாதையாக அழைக்க வேண்டும் என்பதெல்லாம் அறிந்தவர். அவருடைய பெயர் கல்லில் இல்லை. எனக்கு ஜெங் ஹேயைவிட இவர்மேல்தான் ஆர்வம் அதிகம்.

தெனவரை எங்கே இருக்கிறது? இலங்கையின் தென்கோடியில். இன்று தேவேந்திரமுனை என்று சொல்கிறோம். அங்கே இருந்தது மிகப் பெரிய கோயில். 1344இல் இலங்கைக்கு வந்த மொராக்கோ பயணி இப்னு பதூதா அதைப் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதியிருக்கிறார். ஆளுயரப் பொன் சிலை, கண்களில் இரண்டு பெரிய மாணிக்கங்கள், இரவில் அவை விளக்குப் போல ஒளிரும் என்று கேள்விப்பட்டதாகச் சொல்கிறார். சுமார் ஆயிரம் பிராமணர்களும், ஆடிப் பாடும் ஐந்நூறு பெண்களும் அந்தக் கோயிலில் இருந்ததாகவும் எழுதுகிறார். பயணக் குறிப்புகளில் எண்கள் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆனால் இந்த ஊரின் புகழ் சீனா வரை போயிருந்தது என்பதற்குக் காலிக் கல்லே சாட்சி. 1588இல் போர்த்துகீசியர்கள் அந்தக் கோயிலைக் கொள்ளையடித்து இடித்துத் தள்ளினார்கள். இப்போது அங்கே இருப்பது பிற்காலத்தில் எழுந்த விஷ்ணு தேவாலயம்.

இதையும் சொல்லிவிட வேண்டும். அதே மூன்றாவது பயணத்தில், 1411இல், ஜெங் ஹேவுக்கும் இலங்கையில் ஆதிக்கம் செலுத்திய அழகக்கோனார் என்ற தலைவருக்கும் சண்டை மூண்டது. சீனப்படை அவரைக் குடும்பத்தோடு பிடித்துச் சீனாவுக்கே கொண்டுபோனது. பேரரசர் பிறகு விடுதலை செய்தார். காணிக்கையைக் கொண்டுவந்த அதே கப்பல்களில் படைவீரர்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு இந்தக் கல்லை வெறும் மத நல்லிணக்கமாகப் பேசினால், அது பாதிக் கதைதான்.

அப்புறம், சீனாவில் தமிழ் என்பதே 1409இல் புதிய சங்கதி இல்லை. அதற்கு 128 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே ஒரு சிவன் கோயில் எழுந்துவிட்டது.

தென்கிழக்குச் சீனாவில் சுவான்சோ என்றொரு துறைமுகம். மார்க்கோ போலோ ஜெய்தூன் என்று புகழ்ந்த ஊர். அங்கே கிடைத்த ஒரு தமிழ்க் கல்வெட்டின் காலம் சகம் 1203, சித்திரை மாதம். அதாவது 1281 ஏப்ரல். தவச்சக்கரவர்த்திகள் சம்பந்தப்பெருமாள் என்பவர், திருக்கானீச்சரம் உடைய நாயனாரை அங்கே எழுந்தருளச் செய்தார் என்று அது சொல்கிறது. யாருடைய நலத்துக்காக? கானின் திருமேனி நலத்துக்காக! அப்போது சீனாவை ஆண்டவர் செங்கிஸ் கானின் பேரன் குப்லாய் கான். மங்கோலியப் பேரரசர் நன்றாக இருக்கட்டும் என்று சிவனிடம் தமிழில் வேண்டியிருக்கிறார்கள். கல்லின் அடியில் ஒரு வரி சீன எழுத்தும் இருக்கிறது.

அந்தக் கோயில் இன்றைக்கு இல்லை. மங்கோலியர் ஆட்சி சரிந்த காலத்தில் அந்த ஊரில் பெரிய கலகம் நடந்தது, வெளிநாட்டு வணிகர்கள் சிதறிப் போனார்கள். கோயில் கற்களைப் பெயர்த்து மதில் கட்டவும், மற்ற கட்டடங்களைப் பழுது பார்க்கவும் பயன்படுத்திக்கொண்டார்கள். 20ஆம் நூற்றாண்டில் பழைய மதில்கள் இடிபட்டபோது அவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர் அவற்றைத் தேடித்தேடிச் சேர்த்தார். இதுவரை 300க்கும் மேற்பட்ட சிற்பத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அந்த ஒரு மனிதரின் பொறுமை இல்லாவிட்டால் இதில் பெரும்பகுதி நமக்குத் தெரியவே வந்திருக்காது.

அந்தத் துண்டுகளில் ஒன்றைத் திரையில் போடுகிறேன், நன்றாகப் பாருங்கள். நடுவில் லிங்கம். ஒரு யானை தும்பிக்கையில் தாமரை ஏந்தி வழிபடுகிறது. இதைப் பார்த்ததும் திருச்சிக்காரர்களுக்கு என்ன தோன்றும்? திருவானைக்கா!

தெரியாதவர்களுக்காக அந்தக் கதை. ஆனைக்காவில் வெண்நாவல் மரத்தடியில் லிங்கம். ஒரு யானை தினமும் தும்பிக்கையில் நீரும் பூவும் கொண்டுவந்து பூசை செய்கிறது. அதே லிங்கத்தின் மேல் சருகு விழக்கூடாது என்று ஒரு சிலந்தி வலை பின்னிப் பந்தல் போடுகிறது. யானைக்கு அந்த வலை அழுக்காகத் தெரிகிறது, அறுத்துப் போடுகிறது. சிலந்தி மறுபடி பின்னுகிறது. யானை மறுபடி அறுக்கிறது. ஒரு நாள் கோபம் தாங்காமல் சிலந்தி தும்பிக்கைக்குள் புகுந்து கடித்துவிடுகிறது. வலியில் யானை தும்பிக்கையை நிலத்தில் மோதி உயிரை விட, சிலந்தியும் மாள்கிறது. இரண்டு பேருக்கும் இருந்தது ஒரே பக்திதான், ஒருவர் செய்தது மற்றவருக்குப் புரியவில்லை.

கதை அதோடு முடியவில்லை. சிலந்தி சோழர் குலத்தில் பிறக்கிறது. குழந்தை ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் மூவுலகையும் ஆளும் என்று சோதிடர்கள் சொல்ல, அரசி கமலவதி தன்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடச் சொல்கிறாள். தாமதமாகப் பிறந்த பிள்ளைக்குக் கண்கள் சிவந்திருந்தன. அவன்தான் கோச்செங்கட் சோழன். முற்பிறவியில் நடந்தது அவன் நினைவில் இருந்ததால், யானை ஏற முடியாதபடி உயரமான மாடக்கோயில்களாகக் கட்டினான் என்பது ஐதீகம். அப்படி எழுபது கோயில்கள் என்று பாடியவர் திருமங்கையாழ்வார். சிவனுக்குக் கோயில் கட்டிய சோழனை ஒரு ஆழ்வார் வாய்நிறையப் புகழ்ந்திருக்கிறார், இது பலருக்குத் தெரியாது.

சுவான்சோவில் கண்ணனும் இருக்கிறான். கையுவான் என்ற பௌத்த ஆலயத்தின் பிரதான மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு தூண்கள். அவற்றில் மருத மரங்களைச் சாய்க்கும் கண்ணன், இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், யானையைக் காக்கும் திருமால். பழைய கோயிலின் தூண்களை எடுத்துவந்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் செடியன் என்ற கிராமத்தில், நான்கு கைகளோடு, காலடியில் ஒரு அசுரனோடு அமர்ந்திருக்கும் அம்மன் சிலையை ஊர்மக்கள் குவான்யின் என்ற தங்கள் கருணைத் தெய்வமாகவே இன்றும் கும்பிடுகிறார்கள். எனக்கு இது இழப்பாகத் தெரியவில்லை. பெயர் மாறினாலும் பூசை நிற்கவில்லையே.

கடல் கடந்த தமிழர் என்றாலே நாம் உடனே 1025, ராஜேந்திரன், கடாரம் என்று ஆரம்பித்துவிடுகிறோம். அது பெரிய படையெடுப்புதான், மறுக்கவில்லை. ஆனால் வெளிநாடுகளில் கிடைத்த தமிழ் எழுத்துகளைத் தேடிப் போனால் அங்கே பெரும்பாலும் நிற்பவர்கள் அரசர்கள் இல்லை. தாய்லாந்தின் தகுவாபாவில், 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. ஒரு குளம் வெட்டி, அவனிநாரணம் என்று பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயரை வைத்து, மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் பாதுகாப்பில் ஒப்படைத்திருக்கிறார்கள். பர்மாவின் பாகனில் நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்தவர் குலசேகர நம்பி, கொடுங்கல்லூர்ப் பக்கத்து மனிதர். எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல் காதிமில், சுமார் 2000 ஆண்டு பழைய பானை ஓட்டில் கண்ணன், சாத்தன் என்று பெயர்கள்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் கிடைத்த உரைகல். உள்ளங்கையில் அடங்கும் கல், பொன்னை உரசி மாற்றுப் பார்ப்பதற்கானது. அதில் தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று எழுதியிருக்கிறது. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு. ஒரு பொற்கொல்லர் வேறு யாரும் எடுத்துவிடக்கூடாது என்று தன் கருவியில் பேர் எழுதி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். புகழும் இல்லை, போரும் இல்லை. ஆனால் அவர் அங்கே கடை போட்டுப் பிழைத்தார் என்று, அரசர்களின் புகழைப் பாடும் எந்த மெய்க்கீர்த்தியும் சொல்லாததை அந்தக் கல் சொல்கிறது.

கடைசியாக நியூசிலாந்து. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற கிறிஸ்தவ மிஷனரி, மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்த ஒரு வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்தார். அது கப்பல் மணியின் மேல்பாதி. சுற்றிலும் தமிழில், முகைதீன் வக்குசுவின் கப்பல் மணி என்ற பொருளில் வாசகம். ஒரு இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். இப்போது வெலிங்டனில் தே பாபா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கப்பல் அங்கே போய்ச் சேர்ந்ததா, மணி மட்டும் கைமாறிக் கைமாறிப் போனதா என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

அடுத்த வீடியோவில் சுமத்ராவின் பாரூஸ் ஊருக்குப் போகலாம். கற்பூரம் தேடிப் போன திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் 1088இல் அங்கே வைத்த கல்வெட்டைப் பற்றி மட்டுமே ஒரு முழு வீடியோ போடலாம். சந்திப்போம், வணக்கம்.