விடியலைக் கூவியவர், விரலால் படித்தவர்

நண்பர்களே, ‘ஆரம்பகால இஸ்லாம், கிறிஸ்தவம், மாற்றுத்திறனாளிகள்’ என்று பெரிய தலைப்பாகக் கொடுத்துவிட்டார்கள். அதையெல்லாம் பேசினால் பொழுது விடிந்துவிடும். பார்வையில்லாத இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

மக்காவில் நபிகள் நாயகம் குறைஷிக் குலத் தலைவர்களோடு மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் வந்து குறுக்கே ஏதோ கேட்கிறார். நபிகள் முகம் சுளித்துத் திரும்பிக்கொள்கிறார். சுளித்தது வந்தவருக்குத் தெரியாது, கண் இல்லையே! ஆனாலும் அதற்காக நபிகளையே கண்டித்து வசனம் இறங்கியது என்கின்றன பெரும்பாலான விரிவுரைகள். குர்ஆனின் 80வது அத்தியாயம் தொடங்குவதே ‘கடுகடுத்தார்’ என்றுதான்.

மேடைகளில் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிது. மதீனாவில் அவருக்குக் கிடைத்தது இரக்கம் இல்லை, வேலை. நபிகளின் தோழர் பிலாலைப் போல அவரும் பாங்கு, அதாவது தொழுகைக்கான அழைப்பு, சொல்பவர். பிலால் இருட்டு இருக்கும்போதே சொல்லிவிடுவார், இப்னு உம்மு மக்தூம் சொல்லும்வரை உண்ணுங்கள், பருகுங்கள் என்று நோன்பு வைப்பவர்களுக்கு நபிகள் சொன்னதாக ஹதீஸில், அதாவது நபிமொழித் தொகுப்பில், இருக்கிறது. அதாவது ஊரே சாப்பாட்டை நிறுத்தி நோன்பு பிடிப்பது, விடியலைப் பார்க்க முடியாத ஒருவர் குரலைக் கேட்டு! அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் இருப்பவர்கள் ‘விடிஞ்சாச்சு, விடிஞ்சாச்சு’ என்பார்கள், அப்புறம்தான் குரல் எடுப்பார். நபிகள் படையோடு வெளியே போனபோது மதீனாவில் தொழுகை நடத்தும் பொறுப்பையும் இவரிடம் விட்டுப் போயிருக்கிறார்.

சரி, கிறிஸ்தவத்துக்கு வருவோம். யோவான் சுவிசேஷம் 9ஆம் அதிகாரம். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்கிறார்கள். நம் ஊரில் ‘போன ஜென்மத்துப் பாவம்’ என்று சொல்லிவிட்டுப் போகிறோமே, கிட்டத்தட்ட அதேதான். இரண்டு பேரும் இல்லை என்கிறார் இயேசு. அந்த ஒரு பதில் போதும், ஆனால் கதையில் அவனுக்குப் பார்வையும் வந்துவிடுகிறது. வராதவர்களை என்ன செய்தார்கள்?

நாலாம் நூற்றாண்டின் கடைசியில் தொகுத்த திருச்சபை விதிகளில் ஒரு கண் போனவர், கால் ஊனமானவர் ஆயராகலாம், முழுக்கப் பார்வையோ செவியோ இல்லாதவர் ஆகக் கூடாது என்று இருக்கிறது. அவர் தீட்டுப்பட்டவர் என்பதால் அல்ல, சபை வேலை தடைபடும் என்பதால் என்று ஒரு சமாதானம் வேறு. எனக்கு அது ஒட்டவில்லை.

ஏனென்றால் அதே நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் திதிமு என்று ஒருவர் இருந்தார். 4 வயதில் பார்வை போனது. மரப்பலகையில் எழுத்துகளைச் செதுக்கி, விரலால் தடவித் தடவிப் படித்தார். பார்வையில்லாதவர்களுக்கான புள்ளி எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில் பிறப்பதற்கு 1,400 ஆண்டுகளுக்கு முன்பு! ஆயராக இல்லை, வாத்தியாராக இருந்தார். பிற்பாடு வேதாகமத்தை லத்தீனுக்குக் கொண்டுவந்த ஜெரோம், 386 வாக்கில் தன் சந்தேகங்களை மூட்டை கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தது அவர் முன்னால்தான்.