குடிக்க ஆளில்லாத வீட்டில் அடுப்பு எரிந்ததா?

நடுவர் அவர்களே, பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். 'ஏழை வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் அதிகம் வாட்டுவது குடியா, குறைந்த கூலியா?' என்பது இன்றைய தலைப்பு. டாஸ்மாக்கை மூடினால் வீட்டுக்கு வீடு அடுப்பு எரியும் என்றார் எதிரணி அக்கா. குடி குடியைக் கெடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அக்கா, எனக்கு ஆறு வயதிருக்கும்போதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். குடிக்க ஆளே இல்லாத எங்கள் வீட்டில் ராத்திரி ஏன் அடுப்பு எரியவில்லை?

எங்களுக்குத் தென்காசிப் பக்கம். ஆலங்குளம், கடையம், முக்கூடல் என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் திண்ணையில் பீடித்தட்டு இருக்கும். அம்மாவும் பீடிதான் சுற்றினார். இலையை நனைத்து, அளவு பார்த்து வெட்டி, தூள் வைத்து உருட்டி, நூல் கட்டி, தலையை மடக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எட்டு மணி நேரத்துக்கு 28,800 நொடி. அதற்குள் ஆயிரம் முடிக்க, ஒரு பீடிக்கு 29 நொடிகூடக் கிடையாது. சோறு பொங்க, தண்ணீர் பிடிக்க எங்கே நேரம்? அதனால்தான் தலை மடக்க நான் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் போகுமுன் நாலு கட்டு, அதாவது நூறு பீடி. வந்த பிறகு எட்டுக் கட்டு. மதியம் சத்துணவு இருந்ததால் பள்ளிக்கூடத்தையாவது விடாமல் இருந்தேன். விரல் இடுக்கில் ஒட்டிய புகையிலை வாடை சோறு பிசையும்போதும் போகாது.

சரி, சுற்றியதற்காவது முழுக்கூலி வந்ததா? இலையும் தூளும் கொடுக்கும் கடையில், சுற்றிய பீடியை எண்ணும்போது சரியில்லை என்று கொஞ்சம் கழிப்பார்கள். இலை மட்டமாக வந்தால் எண்ணிக்கை குறையும், அதற்கு நாங்களே காசு கொடுத்து இலை வாங்க வேண்டும்.

1966-இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்றது. அந்தத் தொழிலாளர்களின் நல நிதிக்காகப் பீடிமேல் போட்ட தீர்வை 2017-இல் ஜி.எஸ்.டி.யோடு நின்றுபோனது. குடி மட்டுமல்ல, உழைப்பவருக்குச் சேர வேண்டியது இப்படிக் குறைவதையும் அக்கா கணக்கில் வைக்க வேண்டும்.

குடிகாரர் வீட்டுக்கே வருகிறேன். பக்கத்து வீட்டு அத்தை புருஷனிடம் தினமும் அடி வாங்குவார். "பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வெளியே வந்துரு" என்றார் அம்மா. அத்தை தட்டிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்: "இந்தக் கூலியில வாடகை குடுப்பேனா மதினி, மூணு பிள்ளைக்குச் சோறு போடுவேனா?"

அந்தக் கேள்விக்கு எதிரணி பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.