செப்பின் கே, பொன்னின் எல்: நகைப் பெட்டிக்குள் நடப்பது என்ன?

[காட்சி: கொழும்பு, செட்டியார் தெரு. நகைக்கடை மேசையில் மூடியுள்ள சிறு இயந்திரம்.]

பழைய வளையலைச் செட்டியார் தெருவில் விற்கப் போனால், முன்பெல்லாம் உரைகல்லில் தேய்ப்பார்கள். இப்போது பெட்டிக்குள் வைத்து மூடுகிறார்கள். சற்று நேரத்தில் திரையில் பொன், செப்பு, வெள்ளி ஒவ்வொன்றின் வீதமும் தெரிகிறது. உருக்கவும் இல்லை, அமிலம் தொடவும் இல்லை.

[வரைபடம்: செப்பு அணு, அதன் ஓடுகள்.]

செப்பு அணுவில் 29 இலத்திரன்கள். அவை கருவைச் சுற்றி ஓடுகள் எனப்படும் அடுக்குகளில் இருக்கின்றன. கருவுக்கு மிக அருகிலுள்ள கே ஓட்டில் இருப்பவை இரண்டே. அவற்றில் ஒன்றைப் பிடுங்க 8.98 கிலோ இலத்திரன்வோல்ற்று சக்தி வேண்டும் (கீழே அலகின்றி வரும் சக்தி எண்களும் இதே அலகில்தான்). பெட்டியின் எக்ஸ் கதிர்க் குழாயிலிருந்து அதைவிடச் சக்தி கூடிய போட்டன், அதாவது கதிரின் ஒரு துணிக்கை, மோதினால், இலத்திரன் வெளியேறி இடம் வெறுமையாகிறது. அடுத்த ஓடான எல்லிலிருந்து இலத்திரன் ஒன்று அங்கே இறங்குகிறது. சக்தி வேறுபாடான 8.05 எக்ஸ் கதிராக வெளிவருகிறது. இதுதான் செப்பின் அடையாளமான கே ஆல்பா கதிர்.

உயர்தர மாணவர்களே, ஒரு கேள்வி. 8.5 சக்தியுள்ள போட்டனை அனுப்பினால் இந்த 8.05 கதிர் வருமா? சக்தி போதும்தானே என்று தோன்றும். வராது. எல் ஓடு நிறைந்திருப்பதால் கே இலத்திரன் அங்கே ஏற முடியாது. அணுவைவிட்டு ஓடவும் 8.5 போதாது. கே ஓட்டில் வெற்றிடம் விழாதவரை அங்கே இறங்க எதற்கும் இடமில்லை.

[திரையில்: 28 × 28 × 10.2]

1913இல் ஆங்கிலேய பௌதிகவியலாளர் மோஸ்லி வெவ்வேறு மூலகங்களின் இந்தக் கதிர்களை அளந்தபோது, அதிர்வெண்ணின் வர்க்கமூலம் அணுவெண்ணோடு நேர்கோட்டில் ஏறக் கண்டார். அணுவெண்ணில் ஒன்றைக் கழியுங்கள். மீந்திருக்கும் கே இலத்திரன் கருவின் ஏற்றத்தை ஏறத்தாழ அவ்வளவு மறைக்கிறது. செப்புக்கு 28. அதன் வர்க்கத்தை 10.2ஆல் (ஐதரசனில் இரண்டாம் ஓட்டிலிருந்து முதல் ஓட்டுக்கு இறங்கும்போது வெளிவரும் இலத்திரன்வோல்ற்று) பெருக்கினால் 7997 இலத்திரன்வோல்ற்று, ஏறக்குறைய 8 கிலோ. கைக்கணக்குக்கு இது அபாரம். மோஸ்லி 1915இல் கலிப்பொலிப் போர்க்களத்தில் இறந்தார், வயது 27.

பொன்னின் கே ஓட்டைத் திறக்க 80.7 வேண்டும். கடைப் பெட்டிகள் பெரும்பாலும் 40, 50 கிலோவோல்ற்றில் இயங்குபவை. பொன்னின் கே இலத்திரனை அவை அசைக்கவே மாட்டா. எல் ஓட்டில் வெற்றிடம் உண்டாக்க 12 அளவே போதும். மூன்றாவதான எம் ஓட்டிலிருந்து இலத்திரன் அங்கே இறங்கும்போது 9.71 கிடைக்கிறது. ஆக, அதே பெட்டி செப்பை முதல் ஓட்டாலும் பொன்னை இரண்டாம் ஓட்டாலும் அடையாளம் காண்கிறது.

எல்லா வெற்றிடமும் கதிர் தருவதில்லை. சிலவேளை மீதிச் சக்தி இன்னோர் இலத்திரனுக்குப் போய் அதையே வெளியே தள்ளிவிடும். பௌதிகவியலாளர்களான லீசே மைட்னர் 1922இலும் பியேர் ஓசே 1923இலும் கண்ட இதற்கு ஓசேயின் பெயர் மட்டும் நிலைத்தது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. செப்பின் கே வெற்றிடங்களில் பாதிக்கும் சற்றுக் குறைவானவையே கதிர் தருகின்றன. வெள்ளியில் பத்துக்கு எட்டு. காபனில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

[காட்சி: வளையலின் குறுக்குவெட்டு.]

பொன்னின் 9.71 கதிரைப் பொன்னே விழுங்கிவிடும். சில மைக்ரோமீற்றர் ஆழத்துக்குக் கீழே பிறப்பது பெரும்பாலும் வெளியே வராது. தடித்த முலாம் பூசிய செப்பு வளையலைப் பெட்டி நல்ல பொன்னென்றே சொல்லக்கூடும். சந்தேகம் வந்தால் ஓரத்தை அரத்தால் அராவிவிட்டு, அந்த இடத்தைத்தான் மறுபடி பெட்டிக்குக் காட்ட வேண்டும்.