அழாத குழந்தை

நேயர்களுக்கு வணக்கம். தீக்காய வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்தவள் நான். அங்கே வந்த சின்னக் குழந்தைகளைப் பெரும்பாலும் சுட்டது நெருப்பு அல்ல. ரசம், கஞ்சி, விளாவாமல் வைத்த வெந்நீர்.

ஒருநாள் இரண்டு வயதுப் பையனைத் தூக்கி வந்தார்கள். தரையில் இறக்கி வைத்த சாம்பார்ச் சட்டிக்குள் விழுந்திருக்கிறான். தொடையெல்லாம் பேனா மை, அதன் மேல் இட்லி மாவு. "அழுகையை நிறுத்திட்டான் சிஸ்டர், பரவாயில்லைதானே?" என்றார் பாட்டி.

மாவைக் கழுவி எடுத்தால், தோல் வெளுத்து விறைத்திருந்தது. விரலால் அழுத்தினாலும் நிறம் மாறவில்லை. வலியை உணரும் நரம்பும் சேர்ந்து வெந்துவிட்டது. கை கால் ஜில்லிட்டு, துவண்டு கிடந்தான். சிவந்து, கொப்புளித்து, தொட்டாலே வீறிடும் காயத்தைவிட இந்த மௌனமே எங்களைப் பயமுறுத்தும்.

அளவு பார்க்க ஒரு வழி உண்டு. விரல்களோடு சேர்ந்த குழந்தையின் உள்ளங்கை, அதன் உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம். அப்படிப் பத்துக் கை அளவு வெந்திருந்தால் டிரிப் ஏற்ற வேண்டும். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு என்றால் அளவே பார்க்காதீர்கள். மின்சாரம் தாக்கினாலும், புகை உள்ளே போய்க் குரல் கம்மினாலும் அப்படித்தான். உடனே 108.

சரி, வீட்டில் என்ன செய்வது? குழாயைத் திறந்து காயத்தில் 20 நிமிடம் தண்ணீர் ஓட விடுங்கள். மூன்று மணி நேரத்துக்குள் எப்போது செய்தாலும் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டவே வேண்டாம். வீங்குவதற்குள் கொலுசு, அரைஞாண் கயிற்றைக் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். மற்ற இடத்தைப் போர்த்தி வையுங்கள். குழந்தை நடுங்கினால் தண்ணீரை நிறுத்துங்கள். காயத்தை, துவைத்த பருத்தித் துணியால் மூடுங்கள்.

அப்புறம், மணியைப் பாருங்கள். டிரிப் கணக்கு சுட்ட நேரத்திலிருந்துதான் தொடங்கும். முதல் 24 மணி நேரத்துக்கான டிரிப்பில் பாதி, முதல் எட்டு மணி நேரத்துக்குள் போயாக வேண்டும்.

அந்தப் பையனுக்குத் தலையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். முடி வளர்ந்து மறைத்துவிட்டது. காலை நீட்டி மடக்கும் பயிற்சிக்கு வரும்போதெல்லாம் வார்டே அதிர அழுவான். எங்களுக்கு அந்த அழுகை பிடித்திருந்தது.

வணக்கம்.