பழைய வலைக்கு ஒரு விலை வேண்டும்

(தூத்துக்குடியில் கடற்கரை மக்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, தன் வேலைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மீன்வளத் துறை அதிகாரி அவர்களே, கேட்டதும் மறுபேச்சில்லாமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட பங்குத்தந்தை அவர்களே, மாணவிகளை வண்டி வைத்து அழைத்து வந்திருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, விசைப்படகுச் சங்கத் தலைவர் அவர்களே, நாட்டுப்படகுச் சங்கத் தலைவர் அவர்களே, வலைக்கூடத்து வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் அண்ணன்மார்களே, ஏலக்கூடத்திலிருந்து கூடையோடு நேராக இங்கே வந்துவிட்ட தாய்மார்களே, பிள்ளைகளே, எல்லாருக்கும் என் வணக்கம்.

இரண்டு படகுச் சங்கத் தலைவர்களும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்காகவே விழாக் குழுவினரைத் தனியாகப் பாராட்ட வேண்டும். பொன்னாடைக்குப் பதிலாகக் கைத்தறித் துண்டு போர்த்தினார்கள், அதற்கும் நன்றி. எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் பவளப்பாறைகளைப் பற்றி அருமையாகச் சொன்னார். அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்க மாட்டேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, கூட்டு முயற்சியாலும் கெடுதல் செய்யாத பொருள்களாலும் கடலைக் காப்பது. மூன்று விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று கூட்டு, இரண்டு பொருள், மூன்று சட்டம்.

ஊர் கூடித் தேர் இழு என்பார்கள். எந்த மேடையில் ஏறினாலும் நான் இதைச் சொல்வேன். தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் 5ஆம் தேதி பனிமய மாதா தங்கத்தேர் வடத்தைப் பிடித்த கைகள் இந்த மண்டபத்திலேயே நிறைய இருக்கும். பக்கத்தில் வடம் பிடித்தவர் எந்தத் தெரு, எந்தச் சங்கம் என்று அன்றைக்கு யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

முதலில் ஒரு கதை. நடந்த கதை. கொஞ்சம் நீளம்தான், ஆனால் கடலோரத்து மக்கள் கேட்க வேண்டியது.

தண்டர் என்று ஒரு கப்பல் இருந்தது. திருட்டு மீன்பிடிக் கப்பல். அண்டார்டிக்காவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலில், ஆழத்தில், டூத்ஃபிஷ் என்ற மீன் கிடைக்கிறது. வெள்ளைத் தங்கம் என்றே வியாபாரிகள் அதைச் சொல்வார்கள், அவ்வளவு விலை. அந்தக் கடலில் செவுள்வலை, அதாவது மீனின் செவுள் சிக்கும்படி விரிக்கிற வலை, போடவே கூடாது என்று தடை உண்டு. தண்டர் எந்தத் தடையையும் மதிக்கவில்லை. பெயரை மாற்றும், கொடியை மாற்றும், மறுபடி அங்கேயே போகும். 2013 டிசம்பரில் பன்னாட்டுப் போலீஸ் அமைப்பான இண்டர்போலே அதைத் தேடி அறிவிப்பு விட்டது.

2014 டிசம்பர் 17. கடல் உயிர்களைக் காக்கப் போராடும் ஸீ ஷெப்பர்ட் அமைப்பின் பாப் பார்க்கர் என்ற கப்பல் தண்டரைக் கண்டுபிடித்துவிட்டது. மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததும், போட்ட வலையை அப்படியே கடலில் விட்டுவிட்டுத் தண்டர் ஓட்டம் பிடித்தது. பாப் பார்க்கரின் கேப்டன் பீட்டர் ஹாமர்ஸ்டெட், ஸ்வீடன்காரர். அவர் விடவில்லை. பனிப்பாளங்களுக்குள் புகுந்து ஓடினால் அங்கேயும் பின்னால் போனார். தென்பெருங்கடலிலிருந்து இந்தியப் பெருங்கடல், அங்கிருந்து அட்லாண்டிக். ஒன்று ஓட, மற்றது துரத்த, மொத்தம் 110 நாள்.

2015 ஏப்ரல் 6ஆம் தேதி, ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கம் சாவோ டோமே தீவுக்குக் கொஞ்ச தூரத்தில், தண்டர் மூழ்கத் தொடங்கியது. எதனோடோ மோதிவிட்டோம் என்றார் அதன் கேப்டன். துரத்தி வந்தவர்களில் மூன்று பேர் உயிரைப் பணயம் வைத்து அந்த மூழ்குகிற கப்பலில் ஏறிப் பார்த்தார்கள். தண்ணீர் புகாமல் இறுக மூடியிருக்க வேண்டிய கதவுகள் திறந்தபடி கட்டிவைக்கப்பட்டிருந்தன. சாட்சியை அழிக்கத் தங்கள் கப்பலைத் தாங்களே மூழ்கடித்திருக்கிறார்கள். உயிர்காப்புப் படகுகளில் 40 பேர் தத்தளித்தார்கள். அவர்களைக் காப்பாற்றியது யார்? 110 நாள் துரத்தியவர்களேதான். அந்த 40 பேரில் பெரும்பாலோர் வயிற்றுப்பாட்டுக்கு வேலைக்கு வந்த இந்தோனேசியத் தொழிலாளிகள். அவர்களை நான் ஒருபோதும் திருடர்கள் என்று சொல்ல மாட்டேன். பிறகு சாவோ டோமே நீதிமன்றத்தில் கேப்டனும் இன்ஜின் பிரிவில் இருந்த இரண்டு பேரும் தண்டனை பெற்றார்கள்.

சரி, கப்பல் அடியில் போய்விட்டது. அங்கே விட்டுவிட்டு வந்த வலை?

அதை எடுத்தது ஸீ ஷெப்பர்டின் சாம் சைமன் என்ற இன்னொரு கப்பல். அதன் கேப்டன் சித்தார்த் சக்ரவர்த்தி, நம் இந்தியாக்காரர். (பலத்த கைதட்டல்) கைதட்டுங்கள், தட்ட வேண்டிய இடம்தான். அவர் ஆட்கள் இழுத்தெடுத்த வலையின் நீளம் 72 கிலோமீட்டர். இங்கிருந்து திருச்செந்தூர் போய்க் கிட்டத்தட்டத் திரும்பி வருகிற தூரம். ஒரு வலையையாவது கையால் இழுத்தவர்களுக்குத்தான் தெரியும், பாறையில் மாட்டி, செத்த மீனும் நண்டும் கனக்கிற வலை தோள்பட்டையை என்ன செய்யும் என்று. உறைகிற குளிரில் அவர்கள் அதைச் செய்தார்கள். சான்றுகளை மொரிஷியஸில் அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள்.

அப்புறம்தான் கலைஞர்கள் வருகிறார்கள். சிரில் குட்ச் என்ற வடிவமைப்பாளர் 2012இல் நியூயார்க்கில் பார்லே ஃபார் தி ஓஷன்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஓவியர், பாட்டுக்காரர், விஞ்ஞானி, கம்பெனி முதலாளி எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துக் கடலுக்காக வேலை வாங்குவது அவர் நோக்கம். அடிடாஸ் கம்பெனி சேர்ந்தது. அலெக்சாண்டர் டெய்லர் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் அந்தத் திருட்டு வலையிலிருந்து கிடைத்த நூலை வைத்து ஒரு ஓட்டக் காலணி செய்தார். 2015 ஜூன் 29ஆம் தேதி ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில் அதைக் காட்டினார்கள். மேல்பாகத்தில் பச்சை பச்சையாக அலை மாதிரி ஓடுகிற கோடு முழுக்க வலை நூல். ஏப்ரலில் மூழ்கிய கப்பலின் வலை ஜூனில் உலகம் பார்க்கும் பொருளாகிவிட்டது. 2016 கடைசியில் 7,000 ஜோடிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றுக்குப் பெரும்பாலும் மாலத்தீவுக் கரைகளில் பொறுக்கிய பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தினார்கள்.

ஒரு ஷூவால் கடல் பிழைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பிளாஸ்டிக் நூல் எந்த உருவத்தில் இருந்தாலும் பிளாஸ்டிக்தான், தேயத் தேயத் துகள் உதிரும். ஆனால் மாலுமி, வடிவமைப்பாளர், கம்பெனி என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்கள் ஒரே வடத்தைப் பிடித்தார்கள். ஊர் கூடித் தேர் இழு! யாருக்கும் வேண்டாத வலைக்கு ஒரு மதிப்பு வந்தது. என் மனதில் தங்கியிருப்பது அந்த மதிப்பு என்ற சொல்தான்.

பொருளுக்கு வருகிறேன். நம் தாத்தாக்கள் பருத்தி நூல் வலை வைத்திருந்தார்கள். மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து, போய் வந்ததும் கரையில் காயப்போட வேண்டும். இல்லையென்றால் மக்கிப்போகும். 1950களின் கடைசியிலும் 60களிலும் நைலான் வந்தது. மக்காது, லேசு, மீனுக்குக் கண்ணில் படாது. மீனவன் அதை விரும்பியதில் எந்தத் தப்பும் இல்லை. உழைப்பு பாதியாகக் குறைந்தது. ஆனால் மக்காத வலை கடலில் அறுந்து போனாலும் மக்காது. நைலான் கடல்தண்ணீரைவிடக் கனம், அதனால் அடியில் போய்ப் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், மாட்டிக்கொள்கிறது. மாட்டிய பிறகும் மீன் பிடித்துக்கொண்டே இருக்கிறது, ஆமையைப் பிடிக்கிறது, பவளத்தை மூடுகிறது. இழுவை மடிக்குப் பயன்படும் பாலிஎத்திலீன் மிதக்கும், நீரோட்டத்தில் எங்கெங்கோ போகும். பசிபிக் பெருங்கடலின் குப்பைத் திட்டை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட கட்டுரை, அங்கே எடையில் 46 சதவீதம் மீன்வலை என்றது.

நம் மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவே 21 தீவுகள், 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. கடற்பசுவுக்கும் பவளத்துக்கும் வீடு. அங்கே ஒரு தங்கூசி வலை, அதாவது ஒற்றை இழை நைலான் வலை, மாட்டினால், யாரும் போய் எடுக்காதவரை அங்கேயேதான் கிடக்கும்.

நம் கடற்கரையில் வலையை வேண்டுமென்று யாரும் கடலில் விடுவதில்லை. பாரில் மாட்டும், போட்ட வலைமேல் பெரிய படகு ஏறிப் போகும், காற்று மாறினால் அறுத்துவிட்டு உயிரோடு கரை சேர வேண்டியிருக்கும். அது தொழிலின் ஆபத்து. ஆனால் கரைக்கு வந்து சேர்ந்த கிழிந்த வலை என்ன ஆகிறது? ஒரு மூலையில் கிடக்கிறது, அல்லது கரையிலேயே கொளுத்துகிறோம். கொளுத்தினால் எழும் கரும்புகையை நம் பிள்ளைகள்தான் சுவாசிக்கிறார்கள். மழைக்காலத்தில் மிச்சம் கடலுக்குள் போகிறது. தடுக்க முடிகிற இடம் இதுதான். இதற்காகத்தான் நான் ஊர் ஊராகப் பேசி வருகிறேன்.

பிலிப்பைன்ஸில் டனாஹோன் என்ற பவளத்திட்டுப் பகுதி. அங்கே 2012இல் லண்டன் விலங்கியல் கழகமும் இண்டர்ஃபேஸ் என்ற தரைவிரிப்புக் கம்பெனியும் சேர்ந்து நெட்-வொர்க்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கின. மீனவக் கிராமங்களில் பழைய வலையை எடைபோட்டு வாங்கினார்கள். பணம் கிராமத்துச் சேமிப்புக் குழுக்கள் வழியாகப் போனது. வலை ஸ்லோவேனியா நாட்டில் அக்வாஃபில் கம்பெனியின் ஆலைக்குப் போய், உருகிப் பிரிந்து, புது நைலான் நூலாகி, தரைவிரிப்பானது. அறிவுரைப் பலகையைவிடத் தராசு வேகமாக வேலை செய்தது.

பக்கத்துக் கேரளத்தையே பாருங்கள். கொல்லம் அருகே நீண்டகரைத் துறைமுகத்தில் 2017இல் சுசித்வ சாகரம் என்ற கடல் தூய்மைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். வலையில் மீனோடு ஏறுகிற பிளாஸ்டிக்கைப் படகுக்காரர்கள் திரும்பக் கடலில் போடாமல் பையில் கட்டிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பெண்கள் கழுவித் தரம் பிரித்தார்கள். இயந்திரத்தில் துண்டாக்கித் தாரோடு சேர்த்துச் சாலை போட்டார்கள். பிளாஸ்டிக்கில் சாலை போடும் வழியைக் காட்டியவர் நம் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். வழி நம் ஊரில் பிறந்தது, துறைமுகத்தில் அது நடப்பது பக்கத்து மாநிலத்தில். எனக்கு இதில் வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன்.

நைலானையும் பாலிஎத்திலீனையும் கலந்துவிட்டால் இரண்டுமே வீண். பிரிக்க ஆய்வகம் வேண்டாம், ஒரு வாளித் தண்ணீர் போதும். வெட்டிய துண்டைப் போட்டு அழுத்திவிடுங்கள். அடியில் தங்கினால் நைலான், மேலே வந்தால் பாலிஎத்திலீன். வலைக்கூடத்து அண்ணன்மாருக்கு வாளிகூட வேண்டாம், விரலில் உருட்டினாலே சொல்லிவிடுவார்கள். இந்த அறிவுக்குச் சம்பளம் கொடுங்கள் என்று கேட்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள் இந்த நூலில் பை செய்யட்டும், ஊஞ்சல் செய்யட்டும், சிலை செய்யட்டும். ஊர் கூடித் தேர் இழு என்றால் வலை கட்டுகிறவரும் வடிவமைக்கிறவரும் ஒரே கூடத்தில் உட்கார வேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஒன்று மட்டும். பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக்கை விற்ற கம்பெனியே திரும்ப எடுக்கப் பொறுப்பு என்று 2022இல் விதி வந்தது. அதே பொறுப்பு வலை விற்கிற கம்பெனிக்கும் வர வேண்டும்.

அதிகாரி அவர்கள் இங்கே இருப்பதால் நேராகவே கேட்டுவிடுகிறேன். வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை, மீன் இறங்குகிற ஒவ்வொரு ஊரிலும் ஒரு பழைய வலைக் கொட்டகை வேண்டும். பெரிய கட்டடம் கேட்கவில்லை. மேலே கூரை, ஒரு தராசு, அன்றைய விலை எழுதிய பலகை, எடை போட்ட அன்றே கையில் காசு. தரம் பிரிக்க அந்த ஊர்ப் பெண்களுக்கு வேலை. விசைப்படகு, நாட்டுப்படகு இரண்டுக்கும் ஒரே விலை. ஊர்க்கமிட்டியிடம் சாவி. மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும். வலையைப் பிரித்துப் பார்த்துக் கழிக்கிற காலம் அதுதான். கொட்டகை அதற்கு முன்னால் திறந்திருக்க வேண்டும், ஜூனில் திறந்தால் அந்த வருடத்துச் சரக்கு புகையாகிவிட்டிருக்கும்.

மனுப் படிவம் வாசலில் மேசைமேல் இருக்கிறது. ஊர் பெயர், படகின் வகை, இப்போது கையில் கிடக்கிற பழைய வலை எத்தனை கிலோ என்று மூன்றே கட்டம். எடை தெரியாதவர்கள் உத்தேசமாக எழுதலாம். சங்கத் தலைவர்கள் இருவரும் முதல் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார்கள், அவர்களை மேசைக்கு அழைக்கிறேன். நன்றி, வணக்கம்.